சிலந்தி பார்க்காத ஆள்

தாண்டவராயன் எடுத்த சிலந்திப் படங்களில், சிலந்தியின் எட்டுக் கண்களிலும் சதுரங்கப்பட்டினம் தெரிந்தது, தாண்டவராயன் தெரியவில்லை. இரண்டு விரற்கடைத் தூரத்தில் லென்ஸை நீட்டி, மூச்சைப் பிடித்து, பின்பக்கம் தூக்கலாக மண்டியிட்டிருந்தவன் அவன்தான். அவனைத் தாண்டித்தான் சிலந்தி எதையும் பார்த்தாக வேண்டும். அப்படியிருந்தும் அவன் இருக்க வேண்டிய இடத்தில் வேப்பமரம் நின்றது, கிழிந்த வலை காய்ந்தது, எதிர்வீட்டு மாரியம்மா வாசலில் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தாள். ஃபிளாஷ் வெளிச்சம்கூட அந்தக் கண்களில் விழவில்லை. எட்டுக் கண்ணும் ஒரே படத்தில் விழாது என்று படித்தவர்கள் சொல்வார்கள், அதுவும் விழுந்தது. நெத்திலி விலை தரைமட்டத்துக்கு இறங்கியிருந்த வாரத்தில் இது முதலில் தெரியவந்தது. ஊரில் நெத்திலியைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

தாண்டவராயன் மீனவக் குடும்பத்துப் பிள்ளை. அவனுடைய அப்பா அவனைக் கடலுக்குக் கூட்டிப்போன ஒவ்வொரு முறையும் அவன் படகுக்குள் வாந்தி எடுத்து, பிடித்த மீனைவிடக் கழுவ வேண்டிய வேலை அதிகமாகி, கடைசியில் கரையிலேயே விட்டுவிட்டார்கள். கரையில் விடப்பட்டவன் கேமரா வாங்கினான். பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஸ்டுடியோ போட்டான். கொஞ்ச காலம் கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று நன்றாகத்தான் ஓடியது. பிறகு சென்னையிலிருந்து டிரோன் வைத்திருக்கிற பையன்கள் வந்தார்கள். முட்டுக்காட்டுப் படகில் ஒரு முத்தம், மாமல்லபுரத்துப் பாறையில் ஒரு முத்தம், சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டையில் ஒரு முத்தம் என்று ஜோடிகளை வானத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். தாண்டவராயனிடம் பாஸ்போர்ட் போட்டோவும் பதினாறாம் நாள் காரியத்துக்குப் பெரிதாக்கும் படமும் மிஞ்சின. மனுஷ மூஞ்சி தனக்கு அலுத்துவிட்டது என்று அவன் சொல்லிக்கொண்டு திரிந்தான். உண்மையில் மனுஷர்களுக்குத்தான் அவன் அலுத்திருந்தான்.

அவனைச் சிலந்திப் பக்கம் தள்ளிவிட்டது சிநேகா என்கிற ஒரு கல்யாணப் பெண். நெம்மேலிக்காரி. டிரோன் பையன்கள் கிடைக்காத ஒரு முகூர்த்த மாதத்தில், வேறு வழியில்லாமல் தாண்டவராயனை அழைத்திருந்தார்கள். கோட்டைச் சுவரோரம் அவள் சாய்ந்து நின்றபோது காதோரத்தில் ஒரு சின்னச் சிலந்தி ஊர்ந்தது. தாண்டவராயன் அதையே பார்த்தான், அதையே எடுத்தான். ஆல்பத்துக்கு வந்த படத்தில் சிலந்தியின் மயிர் ஒவ்வொன்றும் தெரிந்தது, சிநேகா ஓர் ஆரஞ்சு நிறக் கலங்கலாக இருந்தாள். பெண் வீட்டார் வந்து அவனை என்னென்னவோ கேட்டுவிட்டுப் போனார்கள். அவன் காதில் ஒன்றும் விழவில்லை. பழைய லென்ஸைத் தலைகீழாகத் திருப்பி இன்சுலேஷன் டேப் சுற்றிக் கேமராவில் ஒட்டினால் அரிசி மணியளவுப் பூச்சி ஆட்டுத் தலையளவு தெரியும் என்று யாரோ சொல்லிக் கேட்டு, அன்றைக்கே ஒட்டினான். ஃபிளாஷின் காரத்தைக் குறைக்கப் பால் கவரைக் கிழித்து முன்னால் கட்டினான். பார்க்கச் சகிக்காது. ஆனால் அந்தக் குப்பைக்குள்ளிருந்து வந்த படங்கள் நன்றாகத்தான் இருந்தன என்பதைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

இந்த வேலையில் ஒரே தொல்லை, பூச்சி ஒரு இடத்தில் இருக்காது. மூக்கு நுனி தெளிவாக விழுந்தால் கண் கலங்கும், கண் விழுந்தால் கால் கலங்கும். முன்னாலிருந்து பின்னால் வரை இழை இழையாகப் பல படம் எடுத்துக் கம்ப்யூட்டரில் ஒன்றாக்க வேண்டும். அதுவரை அது அசையக் கூடாது. மற்ற ஊர்க்காரர்கள் விடியற்காலையில் எழுந்து, குளிரில் பூச்சி மந்தமாக இருக்கிற நேரம் பார்த்துப் புதருக்குள் குந்துவார்கள். தாண்டவராயனுக்கு அந்தக் கஷ்டமெல்லாம் தோன்றவேயில்லை. துள்ளுகிற எதையும் என்ன செய்ய வேண்டும் என்று மீனவ வீட்டில் பிறந்தவனுக்குச் சொல்லியா தர வேண்டும்? ஐஸில் போட வேண்டும். அவன் மனைவி பரிமளா கரையில் மீன் ஏலம் எடுத்துக் கல்பாக்கம் குடியிருப்பு வரை கொண்டுபோய் விற்பவள். வீட்டுப் பின்கட்டில் அவளுடைய ஐஸ் பெட்டி ஆளையே படுக்க வைக்கிற நீளத்தில் இருந்தது. தாண்டவராயன் சிலந்தியை மருந்து டப்பாவில் அடைத்து, வஞ்சிரத்துக்கும் பாறை மீனுக்கும் நடுவில் புதைத்து, விறைத்ததும் எடுத்து இலையில் உட்கார வைத்து, கிளிசரின் கலந்த தண்ணீரைப் பீய்ச்சிப் பனித்துளி செய்து, நிதானமாகப் படமெடுத்தான். அப்போதெல்லாம் சிலந்தியின் கண்ணில் அவன் ஒழுங்காகவே தெரிந்தான். பால் கவர்கூடத் தெரிந்தது. அதில் அதிசயம் ஒன்றுமில்லை. விறைத்த கண் வெறும் கண்ணாடி.

அந்தப் படங்களைச் செங்கல்பட்டில் இருந்த நுண்பட ஆர்வலர் கழகம் என்கிற சபைக்கு அனுப்பினான். கழகத்தின் தலைவர் ஹரிகிருஷ்ணன், பஸ் நிலையத்துக்கு எதிரே தாத்தா கட்டி வைத்த கடைகளின் வாடகையில் கலை வளர்த்தவர். அவருடைய லென்ஸ் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பட்டு உறை இருந்தது. வருஷா வருஷம் மாமல்லபுரத்தில் ஒரு கடற்கரை விடுதியில் கண்காட்சி வைத்து, முதல் பரிசைத் தனக்குத் தானே கொடுத்து, அலுக்காமல் நன்றியும் சொல்லி வந்தார். தாண்டவராயனின் பனித்துளிச் சிலந்திக்கு இரண்டாம் பரிசு கொடுத்து, ‘இந்தப் பொறுமையை நாம் கற்க வேண்டும்’ என்று மேடையில் பேசினார். வஞ்சிரத்தோடு படுத்திருந்த சிலந்திக்குக் கிடைத்த கைதட்டலைத் தாண்டவராயன் குனிந்து வாங்கிக்கொண்டான். ஊருக்குத் திரும்பி, பரிசாகக் கிடைத்த கேடயத்தை ஸ்டுடியோ கண்ணாடியில் வைத்தான். ஐயனாருக்குச் செய்கிற மாதிரி வெள்ளிக்கிழமை தோறும் துடைத்தான்.

கல்பாக்கத்தில் ஓர் அம்மாள் வஞ்சிரத்தைக் கழுவும்போது செவுளுக்குள்ளிருந்து ஒரு சிலந்தி நடந்து வந்தது. மருந்து டப்பாவின் மூடியைத் தாண்டவராயன் சரியாகப் போடவில்லை. அந்த அம்மாள் போனில் கத்தியது பரிமளா பிடித்திருந்த போனுக்கு வெளியேயும் கேட்டது. போனை வைத்துவிட்டுப் பரிமளா புருஷன் பக்கம் திரும்பினாள்.

“யோவ், இன்னாய்யா இது? வஞ்சிரத்துக்கு நடுவுல எட்டுக்கால் பூச்சிய வுட்டு வெச்சிகீற! நான் மீன் விக்கிறேனா, பூச்சி விக்கிறேனா?”

“அது கலைமே. ஒனக்குப் புரியாது.”

“ஒன் கலைய ஒன் தலமேல வெச்சிக்கோ. இனிமே என் ஐஸ்ல கைய வெச்ச, வெரல நறுக்கி நெத்திலியோட கூறு போட்ருவேன்.”

அன்றிலிருந்து ஐஸ் பெட்டிக்குப் பூட்டு விழுந்தது. சாவி பரிமளாவின் தாலிக் கயிற்றில் தொங்கியது. தாண்டவராயன் வேறு வழியில்லாமல், வாழ்க்கையில் முதல் தடவையாக, விழித்திருக்கிற சிலந்தியைப் படமெடுக்கப் போனான். ஸ்டுடியோ கண்ணாடியில் குடியிருந்த ஒரு குதிக்கும் சிலந்திதான் முதலில் அகப்பட்டது. வலை பின்னாமல், பூனை மாதிரி பதுங்கிப் பாய்ந்து ஈ பிடிக்கிற வகை. சாம்பல் நிறம், நெற்றியில் வெள்ளைப் பட்டை. நாள் முழுக்க அதன் முன்னால் மண்டியிட்டு எடுத்த படத்தைப் பெரிதாக்கியபோதுதான், நான் முதலில் சொன்னது தெரியவந்தது. விழித்திருக்கிற சிலந்தி தனக்குப் பிடித்ததை மட்டும் பார்த்தது. தாண்டவராயனைப் பிடிக்கவில்லை.

அவன் நம்பவில்லை. கோட்டை மேட்டுக் கள்ளியில் வலை கட்டியிருந்த மஞ்சள் தோட்டத்துச் சிலந்தியிடம் போனான். அதன் கண்ணில் கோட்டை வாசலும் அங்கே தூங்கிய நாயும் இருந்தன. செங்கல் அடியில் இருந்த தேளிடம் போனான். அதன் முதுகுக் கண்ணில் நிலா இருந்தது, பட்டப்பகலில். மழைக்கு மறுநாள் மணலில் ஊர்கிற சிவப்புப் பட்டுப்பூச்சியிடம் போனான். மிளகு நுனியில் பாதிகூட இல்லாத கண்ணில் நெம்மேலிக் கடற்கரை முழுசாக, கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையின் குழாய் உட்பட, வரிசை தப்பாமல் இருந்தது. ஆட்டு உண்ணிக்குக் கண்ணே கிடையாது. அது ஒன்றுதான் அவனை அவமானப்படுத்தவில்லை.

விஷயம் பரவியதும் ஊருக்கு வேறு மாதிரி கிறுக்குப் பிடித்தது. பூச்சி படம் எடுக்கிறவன் என்று அவனைப் பார்த்துச் சிரித்த ஜனங்கள், தாங்கள் அந்தக் கண்ணில் இருக்கிறோமா என்று பார்க்க ஸ்டுடியோவுக்கு வந்து வரிசையில் நின்றார்கள். இருந்தவர்கள் நடையே மாறியது. இல்லாதவர்கள், தெரு விளக்கு எரியாததற்கும் சிலந்திதான் காரணம் என்று பேசினார்கள். மாரியம்மா தன் காலாட்டம் எட்டுத் தடவை விழுந்ததைப் பேரன் பேத்தி எல்லாரையும் கூட்டி வந்து காட்டினாள். வார்டு உறுப்பினர் கண்ணாயிரம், சிலந்தி பார்வையில் படுவது அடுத்த தேர்தலுக்கு நல்லது என்று முடிவு செய்து, சலவை வேட்டியும் கழுத்தில் துண்டுமாகக் கள்ளிச் செடிக்கு எதிரே நாற்காலி போட்டு ஒரு முழுக் காலைப்பொழுது உட்கார்ந்தார். கும்பிட்டார், கையசைத்தார், ஒரு கட்டத்தில் பேசவும் செய்தார். படத்தில் நாற்காலி மட்டும் இருந்தது. முதுகுச் சாய்மானத்தில் அச்சிட்டிருந்த சாமியானாக் கடையின் பெயரைக்கூடப் படிக்க முடிந்தது. அந்தச் சிலந்தி எதிர்க்கட்சி என்று அவர் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

எல்லாப் படத்திலும் தவறாமல் இருந்தவள் பரிமளா. அவள் வீட்டில் இல்லாத நேரத்தில் எடுத்த படத்திலும் இருந்தாள், கையில் ஒட்டடைக் கோலோடு. சிலந்தி குலத்துக்கு அவளைவிட முக்கியமான மனுஷி அந்த ஊரில் யார்? தாண்டவராயனுக்கு இது பொறுக்கவில்லை. சிவப்புச் சட்டை போட்டுப் பார்த்தான். தலையில் டார்ச் கட்டிப் பார்த்தான். ஈ பிடித்துக் கொண்டுவந்து பணிவாக நீட்டினான்; ஸ்டுடியோ சிலந்தி ஈயை வாங்கிக்கொண்டது, படத்தில் ஈ தெரிந்தது, ஈயைப் பிடித்திருந்த விரல் தெரியவில்லை. கண்ணாடி முன்னால் நின்று, “டேய், ஒரு தபா என்னப் பாருடா” என்று கெஞ்சியதைப் பஸ்ஸுக்கு நின்றவர்கள் பார்த்தார்கள். மனுஷர்கள் மதிக்காததைத் தாங்கிக்கொண்டவனால் சிலந்தி மதிக்காததைத் தாங்க முடியவில்லை. மழைக்காலம் முழுக்க அந்த ஒரு சாம்பல் சிலந்தி முன்னால் மண்டியிட்டே கழித்தான். அதன் மயிர் ஒவ்வொன்றும் அவனுக்கு மனப்பாடம். அதற்கு அவன் காற்று.

இருந்தாலும் படங்கள் படங்கள்தானே. ஐஸ் இல்லாமல், கிளிசரின் இல்லாமல், ஒரு பொய்யும் இல்லாமல் எடுத்த முதல் படங்கள். பெருமையோடு கழகத்துக்கு அனுப்பினான். கழகத்தின் வாட்ஸப் குழுவில் ஹரிகிருஷ்ணனின் குரல் வந்தது. கண்ணில் போட்டோகிராபரும் இல்லை, ஃபிளாஷும் இல்லை, தோட்டமும் தெருவும் இருக்கின்றன என்றால் அது கம்ப்யூட்டரில் ஒட்டிய வேலை. இப்படிப்பட்ட மார்ஃபிங் பேர்வழிகள் கழகத்துக்கு இழுக்கு. வருகிற ஞாயிறு நடுவர்களோடு தாமே நேரில் வருவதாகவும், தம் கண் முன்னால், தன் உருவம் தெரிகிற மாதிரி ஒரு சிலந்திக் கண்ணைத் தாண்டவராயன் எடுத்துக் காட்ட வேண்டும் என்றும், இல்லாவிட்டால் பழைய கேடயத்தையும் பிடுங்கிக்கொண்டு பேப்பரில் பெயர் போட்டு அறிவிப்பதாகவும் சொன்னார். கல்யாணத்தில் சாப்பாடு சரியில்லை என்று சொல்கிற தொனியில் சொன்னார்.

கேடயம் போனால் போகிறது. அந்த ஒரு வார்த்தைதான் ஆளைக் கொல்லும். இந்தக் காலத்தில் ஒரு ஸ்டுடியோக்காரன் மார்ஃபிங் செய்கிறவன் என்று பெயர் வாங்கிவிட்டால், அவன் முன்னால் எந்த வீட்டுப் பெண் பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்காரும்? எந்த அப்பன் மஞ்சள் நீராட்டுக்குக் கூப்பிடுவான்? குரல் பதிவு வந்த அன்று சாயங்காலமே, படம் எடுக்க வந்திருந்த ஒரு பெண்ணை அவள் அண்ணன் வந்து கையைப் பிடித்து எழுப்பிக்கொண்டு போனான். தாண்டவராயன் விளக்கை அணைத்துக் கடையைச் சாத்தினான். ஐஸ் போட்டுத் திருடியபோது பொறுமைசாலி என்றார்கள். உண்மையாக எடுத்தால் திருடன் என்கிறார்கள். இதில் சிரிக்க நிறைய இருக்கிறது, ஆனால் அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

பரிமளாவிடம் சொன்னான். அவள் சாளை மீனுக்கு உப்புத் தடவிக்கொண்டே கேட்டாள்.

“இப்ப இன்னா செய்யப் போற?”

“தெர்ல. அது என்னப் பாக்காதுமே.”

“நீ யாரையாவது பாத்துகீறியா? வூட்டுக்கு வந்தா லென்ஸ தொடைக்கிற. நான் செவப்பு பொடவையா பச்ச பொடவையான்னு ஒனக்குத் தெரியுமா?”

தெரியாது. திரும்பிப் பார்த்துச் சொல்லலாம் என்று நினைத்தான், அதற்குள் அவள் உள்ளே போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பரிமளா பெட்டியைத் திறந்து ஐஸ் உடைத்துப் போட்டுவிட்டு, பூட்டாமல் கரைக்கு ஓடினாள். படகு வந்துவிட்டதாகச் சத்தம் கேட்டது. தாண்டவராயன் யோசிக்கவேயில்லை. சாம்பல் சிலந்தியை மருந்து டப்பாவில் பிடித்துப் போட்டு ஐஸுக்குள் புதைத்தான். விறைத்த கண் வெறும் கண்ணாடி. எதிரே இருக்கிறவன் யாரானாலும் காட்டும். ஹரிகிருஷ்ணன் வந்து இறங்கியதும் எடுத்து உட்கார வைத்து ஒரே ஒரு படம், அவ்வளவுதான், பெயர் பிழைத்துவிடும். ஆனால் ஹரிகிருஷ்ணன் குறித்த நேரத்துக்கு வரவில்லை. திருக்கழுக்குன்றத்தில் ஒரு ஹோட்டலைப் பார்த்ததும் காரை நிறுத்தச் சொல்லி, நாஸ்தாவுக்கு உட்கார்ந்துவிட்டார். பொங்கல் சாப்பிட்டார், வடை சாப்பிட்டார், இரண்டாவது காபி குடித்தார். கலைக்காகச் சாப்பாட்டைத் தியாகம் செய்கிறவர் என்று அவரைப் பற்றி யாரும் சொன்னதில்லை.

பரிமளா மீன் கூடையோடு திரும்பிப் பெட்டியைத் திறந்தபோது டப்பாதான் முதலில் தட்டுப்பட்டது. திறந்து பார்த்தாள். எட்டுக் காலும் உள்வாங்கி, சிலந்தி ஒரு மிளகாய் விதை மாதிரி சுருண்டிருந்தது. தாண்டவராயன் ஓடி வந்தான். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தான். அவள் டப்பாவை அவன் கையில் கவிழ்த்தாள்.

“செத்துப்போச்சுய்யா. நல்லா இரு.”

அவன் உள்ளங்கையில் அது கிடந்தது. ஊதினால் பறந்துவிடுகிற கனம். மழைக்காலம் முழுக்க எதிரெதிரே இருந்த ஜீவன். தன்னைக் கடைசி வரை பார்க்காமலே போய்விட்டது என்பதில் அவனுக்குக் கோபம்தான் வரவேண்டும், ஆனால் வெட்கம் வந்தது. யார் முன்னாலும் வந்திராத வெட்கம். வாசல் வெயிலில் போய்க் குந்தினான். இன்னொரு கையைக் கூரையாகப் பிடித்து, இடுக்கு வழியாக வாய் ஆவியை விட்டான். கேமரா உள்ளே மேசை மேல் கிடந்தது. கார் வந்து நின்றதும், ஹரிகிருஷ்ணன் இறங்கியதும், சென்னைக் கல்லூரியில் போட்டோகிராபி சொல்லிக்கொடுக்கிற பிரதீபா என்ற நடுவர் பின்னால் வந்ததும், கண்ணாயிரம் முதலாக ஊரே திரண்டதும் அவனுக்குத் தெரியவில்லை.

“மிஸ்டர் தாண்டவராயன், ரெடியா?”

“இரு சார். பூச்சிக்கு ஒடம்பு சரியில்ல.”

ஊர் சிரித்தது. ஹரிகிருஷ்ணனும் சிரித்தார். “ஜுரமா? ஊசி போடலாமா?” என்றார். தாண்டவராயன் தலை நிமிரவில்லை. அவன் மூக்கிலிருந்து ஒழுகியது. துடைக்கக் கை இல்லை. பெரிய மனுஷரைக் குந்தியபடியே காக்க வைக்கிறான் என்பது ஹரிகிருஷ்ணனுக்குச் சுருக்கென்றிருக்க வேண்டும். பட்டு உறையிலிருந்து லென்ஸை எடுத்தார். பையிலிருந்து இரட்டை ஃபிளாஷை எடுத்து மாட்டினார். தொந்தி ஒத்துழைக்காமல், டிரைவர் பிடித்துக்கொள்ள, தெருவில் மண்டியிட்டார்.

“கையை அப்படியே வையுங்க. ஒரிஜினல்னா என்னன்னு நான் காட்டறேன். கண்ணுல நான் இருப்பேன், என் ஃபிளாஷ் இருக்கும். அதுதான் சயின்ஸ்.”

அப்போது முன்னங்கால் ஒன்று நீண்டது. பிறகு எதிர்ப்பக்கத்தில் ஒன்று. சிலந்தி எழுந்து, தூங்கி எழுந்த ஆள் போல முகத்தைத் துடைத்துக்கொண்டு, தாண்டவராயனின் கட்டை விரல் மேட்டில் ஏறி, ஹரிகிருஷ்ணனின் லென்ஸுக்கு நேராகத் திரும்பி உட்கார்ந்தது. தாண்டவராயன் அதன் முதுகுப் பக்கம் இருந்தான். ஃபிளாஷ் அடித்தது. ஹரிகிருஷ்ணன் கேமராவின் பின்புறத் திரையில் கண்ணைப் பெரிதாக்கினார், இன்னும் பெரிதாக்கினார், பிறகு கேமராவை மூடிக்கொள்ளப் பார்த்தார். பிரதீபா எட்டிப் பார்த்துவிட்டாள்.

“சார், நீங்க இல்லையே.”

எட்டுக் கண்ணிலும் தாண்டவராயன் இருந்தான். மூக்கு ஒழுகிய, சவரம் செய்யாத, வாயைப் பாதி திறந்து வைத்திருந்த தாண்டவராயன், வேறு யாரும் இல்லை. ஹரிகிருஷ்ணன் கோணம் சரியில்லை என்று சொல்லி இன்னொன்று எடுத்தார். பிரதீபா தன் கேமராவில் ஒன்று எடுத்தாள். எல்லாவற்றிலும் அவனே. கேமரா கைமாறி ஊர் முழுக்கப் பார்த்து முடித்தபோது, “நான் எங்கப்பா?” என்று கண்ணாயிரம் கேட்டார். கேமரா தாண்டவராயனிடம் கடைசியாக வந்தது. அவன் பார்த்தான். அழுதான். வெயில் கண்ணில் அடித்தது என்று பிறகு சொன்னான். அதை நாம் அப்படியே எடுத்துக்கொள்வோம்.

“வேலையத்தவன் மூஞ்சிய ஒரு தபாவாச்சும் பாத்துத் தொலைப்போம்னு பாத்துகீது” என்று பரிமளா சொல்லிவிட்டு மீனை எடுத்துக்கொண்டு கல்பாக்கத்துக்குக் கிளம்பினாள். பச்சைப் புடவை கட்டியிருந்தாள். தாண்டவராயன் அதைப் பார்த்துச் சொன்னான். அவள் நம்பாமல் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

ஒட்டு வேலை எதுவும் இல்லை என்று பிரதீபா குழுவில் எழுதினாள். ஹரிகிருஷ்ணன் கட்டை விரல் படம் ஒன்றைப் போட்டு அதை ஆமோதித்தார். மன்னிப்பு என்கிற வார்த்தை அவருடைய போனில் இல்லை போலிருக்கிறது. தாண்டவராயன் மார்ஃபிங்காரன் இல்லை என்று சதுரங்கப்பட்டினத்துக்கும் தெரிந்துவிட்டது. பெண்கள் மறுபடி போட்டோவுக்கு உட்கார்ந்தார்கள். டிரோன் பையன்கள் கொடுக்காத ஒன்று இவனிடம் இருப்பதை ஜனங்கள் கண்டுபிடித்தார்கள்: நிச்சயதார்த்தத்துக்கு முன்னால் மாப்பிள்ளையைக் கூட்டி வந்து, சிலந்தி கண்ணில் விழுகிறானா என்று எடுத்துப் பார்க்கிற வழக்கம் வந்தது. திருப்போரூரிலிருந்துகூட இதற்காக வேன் பிடித்து வருகிறார்கள். விழாத மாப்பிள்ளைகளுக்கும் கல்யாணம் நடக்கிறது, நடக்காமல் என்ன; ஆனால் பெண் வீட்டில் சீர்ப் பாத்திரத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறார்கள். தாண்டவராயன் எடுக்கிற படங்களில் தாண்டவராயன் அதற்குப் பிறகும் விழவில்லை. அவன் அதைப் பற்றிப் பேசுவதில்லை. அந்தச் சாம்பல் சிலந்தி அடுத்த கோடையில் வயதாகிச் செத்தது.

அந்த வருஷத்து முதல் பரிசு ஹரிகிருஷ்ணன் எடுத்த படத்துக்குக் கிடைத்தது. ஆம், அந்தப் படம்தான். அதற்குத் ‘தரிசனம்’ என்று பெயர் வைத்திருந்தார். தந்தை வழிச் சொத்திலிருந்து தங்க ஃபிரேம் போட்டு, கல்யாண மண்டபத்துக் கதவளவு பெரிதாக்கி, விடுதிக் கூடத்தின் நடுச்சுவரில் மாட்டியிருந்தார்கள்.

“என் வூட்டு பூச்சி, என் ஐஸு, என் புருஷன் மூஞ்சி. பிரைஸு மட்டும் அவனுதா?” என்று பரிமளா, தாண்டவராயனோடு மாமல்லபுரம் வரும் வழி நெடுக, பஸ்ஸில் இருந்தவர்களையெல்லாம் சாட்சிக்கு இழுத்துக்கொண்டு வந்தாள். நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் திரும்புவது என்று சபதம். கூடத்தில் நுழைந்ததும் அவளுக்கு வாய் அடைத்துவிட்டது. ஒவ்வொரு கண்ணும் அண்டாவளவு இருந்தது, ஒவ்வொன்றிலும் அவள் புருஷன் இருந்தான். பக்கத்தில் போய்ப் பார்த்தாள், தள்ளி நின்று பார்த்தாள்.

“மூஞ்சி நல்லாத்தான் வுழுந்துகீது. ஷேவ் பண்ணியிருக்கலாம்.”

சால்வை போர்த்தி நின்ற ஹரிகிருஷ்ணனிடம், கண்ணில் தெரிகிறது யார் என்று ஓர் அம்மையார் கேட்டார். “யாரோ லோக்கல் ஆள். அங்கே நின்னுட்டிருந்தான்” என்றார் ஹரிகிருஷ்ணன். அது தாண்டவராயன் காதில் விழுந்தது. பரிமளா பாய்வதற்கு முன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அவனுக்குச் சண்டை போடத் தோன்றவில்லை. பார்க்க நிறைய இருந்தது. இடப்பக்கம் இரண்டாவது கண்ணில் தான் கொஞ்சம் சிரிக்கிற மாதிரி அவனுக்குப் பட்டது, அதைச் சரிபார்க்க இன்னும் நெருங்கி நின்றான்.

சென்னையிலிருந்து வந்திருந்த ஒரு பெண், படத்தோடு செல்ஃபி எடுக்கப் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். சற்று நேரம் பொறுத்துப் பார்த்தாள்.

“அண்ணா, கொஞ்சம் நகர்றீங்களா? படத்தை மறைக்கிறீங்க.”

தாண்டவராயன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நகர்ந்தான். நகர்ந்து நின்ற இடத்திலிருந்தும் நன்றாகவே தெரிந்தது.